தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொதுமக்கள் பணம் கட்டி ஆடக்கூடிய கோல்ப் திடல் எதையும் நான் கண்டதில்லை. அப்படியிருக்க, மருதனார்மடத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு இந்த விளையாட்டில் எவ்வாறு ஈடுபாடு ஏற்பட்டது என்று கேட்பவர்கள் பலர். காரணம் மிக எளியது. கொழும்பில் பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில், விளையாட்டுச் செய்தியாளர் விடுப்பில் சென்ற ஒரு வாரத்தில், கோல்ப் போட்டியொன்றைப் பற்றி எழுதுமாறு என்னைப் பணித்தார்கள். எழுதச் சென்றவன் ஆட ஆசைப்பட்டேன். பழைய தடிகள் சிலவற்றை நண்பர் ஒருவரிடம் மலிவாக வாங்கினேன். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு விறாந்தையில் சாத்தி வைத்திருக்கும் அந்தப் பையைப் பார்த்து, "உது என்ன தம்பி, மீன் பிடிக்கிற சாமானோ?" என்று அயலில் வசிக்கும் ஆச்சி கேட்டார். சிறிய வெள்ளைப் பந்தை இரும்புத் தடியால் அடித்து, கால் மைல் தொலைவில் இருக்கும் குழிக்குள் விழுத்த வேண்டும் என்று விளக்கினேன். "விழுத்தின பிறகு?" என்றார். "எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போக வேணும். மொத்தம் 18 குழி." ஆச்சி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்கிறார்கள். 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகள் பற்றையாகக் கிடக்கின்றனவே, அங்கே ஒரு கோல்ப் திடல் அமைத்தால் சுற்றுலாப் பயணிகள் வருவார்களே, நீங்கள் ஆடுபவர்தானே, இதைப்பற்றி எழுதக் கூடாதா என்கிறார்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன், நான் ஆடிய திடல்களை வாசகர்களுக்கு ஒருமுறை சுற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் றோயல் கொழும்பு கோல்ப் கழகம். 1879ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. களனிவெளி ரயில் பாதை இதன் திடலை ஊடறுத்துச் செல்கிறது. ரயில் வரும் நேரத்தில் ஆட்டக்காரர்கள் தடியை ஊன்றிக்கொண்டு காத்து நிற்பார்கள். அலுவலகம் செல்லும் மக்கள் ரயில் வாசலில் தொங்கியபடி எங்களைப் பார்த்துச் செல்வார்கள். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அங்கே புல்லை வளர்ப்பது பெரிய வேலையன்று. வளரும் புல்லை வெட்டுவதுதான் வேலை.

அடுத்தது நுவரெலியா. 1889இல் தொடங்கிய இந்தத் திடல் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்த உயரம் என்பதால் பந்து வழக்கத்தைவிடச் சற்றுத் தூரம் பறக்கும். என்னைப் போன்றவர்களுக்கு நாங்கள் தேறிவிட்டோம் என்ற மயக்கத்தைத் தரும். திடலை ஒட்டிய பழைய இடுகாட்டில் மேஜர் றோஜர்ஸ் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படும் அவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்பது அவ்வூரார் கூற்று.

அங்கேதான் எனக்கு இந்த விளையாட்டைக் கற்பித்தவரைச் சந்தித்தேன். ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு, எந்தத் தடியை எடுக்கலாம் என்று ஆலோசனையும் சொல்லி வருபவரை இலங்கையில் 'கெடி' என்பார்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி 'கேடி' என்று எழுதினால் காவல் நிலையம் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே நம்மூர் வழக்கே நல்லது. எனக்கு வாய்த்த கெடி அறுபது வயது கடந்த மலையகத் தமிழர். குழிக்குப் பத்தடி தூரத்தில் குனிந்து நின்று நான் கோடு பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"ஐயா, பந்தையே பாக்காதீங்க. மழை பேஞ்சா இந்த எடத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாருங்க. பந்தும் அந்தப் பக்கந்தான் போகும்."

கண்ணுக்குச் சமதரையாகத் தெரிந்த புல்வெளி அந்தச் சொல்லுக்குப் பிறகு வேறொன்றாகத் தெரிந்தது. "அண்ணை, உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். சிறுவயதில் பந்து பொறுக்கத் தொடங்கியதிலிருந்து அந்த நிலத்தில் நடக்கிறாராம். அந்தத் திடலின் ஒவ்வோர் அடியையும் அவர் அறிவார். ஆனால் அவர் வசித்ததோ தோட்டத்து லயன் காம்பிராவில். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களின் வழி வந்தவர் அவர். நிலத்தை அறிந்தவர் ஒருவர். நிலம் இன்னொருவருக்கு உரியது. இந்த நாட்டில் இது கோல்ப் திடலுக்கு மட்டும் உரிய கதையன்று.

பை சுமந்தவர்கள் வெற்றிக் கிண்ணமும் சுமந்ததுண்டு. பெங்களூரில் கெடியாக இருந்த முனியப்பா 2009இல் இந்திய ஓப்பன் போட்டியையே வென்றார். தொழில்முறைக் கோல்பில் தமிழ்ப் பெயர்களும் உள்ளன. இலங்கை வீரர்களான தங்கராஜா, பிரபாகரன் ஆகிய இருவரும் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடியவர்கள். தங்கராஜா அங்கு பட்டங்களும் வென்றிருக்கிறார். கிரிக்கெட் வீரர்களுக்குத் தலைப்பு வைக்கும் நமது பத்திரிகைகள் இவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதுவே பெரிய காரியம்.

கண்டிக்கு அருகே திகனையில் விக்டோரியா திடல் இருக்கிறது. டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்டது. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், மலைகள் சூழ, இலங்கையிலேயே மிக அழகான திடல் என்று இதைச் சொல்பவர்களோடு நான் வாதிடமாட்டேன். ஆனால் அந்த நீருக்கடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. 1980களில் அணை கட்டப்பட்டபோது அங்கிருந்த மக்கள் எழும்பிப் போனார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த ஊரைச் சேர்ந்தவன் என்பதாலோ என்னவோ, நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் மாதங்களில் அங்கு ஆடும்போது என் கண் பந்தைவிட்டு அடிக்கடி விலகும்.

திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படையினர் நடத்தும் திடல், நான் ஆடியவற்றுள் நமது காலநிலைக்கு மிக நெருங்கியது. கச்சான் காற்று வீசும் மாதத்தில் அங்கே போனேன். நீர் பாய்ச்சிய இடம் மட்டும் பச்சை. மற்றவை எல்லாம் மஞ்சள். பந்து ஓட்டாஞ்சில்லில் பட்டதுபோலத் துள்ளி ஓடியது. வறண்ட வலயத்தில் கோல்ப் என்பது முதலில் தண்ணீர் விளையாட்டு என்று அன்று தெளிந்தேன்.

கனடாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது ஸ்காபரோவிலுள்ள டாம் ஓ ஷான்ரர் திடலில் ஆடினேன். அது ரொறன்ரோ மாநகரத்துக்குச் சொந்தமானது. அங்கத்துவம் வேண்டாம், கட்டணத்தைக் கட்டிவிட்டு எவரும் ஆடலாம். எனக்கு முன்னால் ஆடிய குழுவினர் பருத்தித்துறைத் தமிழில் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த விளையாட்டின் தாயகமான ஸ்கொட்லாந்தின் சென் ஆன்ட்ரூஸ் திடலும் பொதுநிலந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது; ஊரவர்கள் நாயோடும் பிள்ளைகளோடும் உலாவலாம். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட, உழவுக்கு உதவாத மணல்மேடுகளில் தோன்றிய ஆட்டம் இது. மழை புல்லை வளர்த்தது. ஆடு மேய்ந்து அதை வெட்டியது. எவரும் எவருடைய தோட்டத்தையும் அழித்து அதை உண்டாக்கவில்லை.

இனி நமது ஊருக்கு வருவோம்.

முழுமையான 18 குழித் திடலுக்கு 100 ஏக்கராவது வேண்டும். நமது கணக்கில் அது 1,600 பரப்பு. நாலு பரப்பில் வெங்காயமும் ஐந்து பரப்பில் புகையிலையும் செய்து பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய குடும்பங்கள் வாழும் மண் இது. மருதனார்மடம் சந்தைக்குக் காலையில் வந்து பார்த்தால் இந்தச் செம்பாட்டு மண் என்ன தருகிறது என்பது விளங்கும்.

அந்த 100 ஏக்கரில் 60 ஏக்கருக்கு மட்டும் நீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். நம்மூர்க் கோடையில் புல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரை இழக்கும். அதை ஈடுசெய்ய ஏக்கருக்கு 20,000 லீற்றர் வேண்டும். 60 ஏக்கருக்கு 12 இலட்சம் லீற்றர். ஒருநாளைக்கு!

எங்கிருந்து எடுப்பது? குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மேலே நன்னீர், ஆழம் செல்லச் செல்ல உப்பு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். புல்லுக்குப் போடும் உரமும் பூச்சிமருந்தும் அதே பாறை வழியாகக் கிணற்றுக்கு வரும். எங்களுக்குப் பக்கத்து ஊரான சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்பானது. நிலத்தின் மேல் ஊற்றுவது நமது செம்புக்கே திரும்பும் என்பதை இவ்வட்டாரத்துக்கு இனி எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நுவரெலியாப் பெரியவரின் கேள்வியை இங்கே கேட்டால் விடை இதுதான்: நமது தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடுவதில்லை, கீழே இறங்குகிறது.

சென் ஆன்ட்ரூஸ் போன்ற மணல்மேடுகள் குடாநாட்டிலும் உள்ளனவே என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான். வல்லிபுரத்திலிருந்து மணற்காடு வரை அத்தகைய மேடுகள் உண்டு. சோளகக் காற்றில் அங்கே நின்றபோது, எந்த மேட்டுக்குப் பின்னால் குழி வைக்கலாம் என்று என் கண்ணும் அளந்தது. ஆட்டக்காரனின் கண் அப்படித்தான். ஆனால் அந்த மேடுகள் சும்மா கிடக்கவில்லை. மழைநீரைத் தேக்கி அயற் கிராமங்களின் கிணறுகளுக்குக் கொடுப்பவை அவை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அடிபட்ட கரை அது. மணல் அகழ்பவர்களிடமிருந்து அவற்றைக் காப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அங்கே நடந்து திரிவதோடு நிறுத்திக்கொள்வோம்.

கோல்ப் ஆட விரும்பும் நண்பர்கள் நுவரெலியாவுக்குப் போகட்டும். போனால் பை சுமப்பவரின் பெயரைக் கேட்டு, அவரோடு தமிழில் பேசி, அவர் சொல்வதைக் கேட்டு ஆடட்டும். குறைந்தது பத்து அடியாவது மிச்சமாகும். யாழ்ப்பாணத்துக்கு விளையாட்டுக்காகப் பணம் தர விரும்புவோருக்கு, சுற்றுமதில் இடிந்து, கூட்டல் செய்ய ஆளின்றிக் கிடக்கும் பாடசாலை மைதானங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு மைதானத்தில் எத்தனை பிள்ளைகள் ஆடலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

பற்றையாகக் கிடக்கின்றன என்று நீங்கள் சொல்லும் காணிகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். 1990இல் வெளியேறி, முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்து உறுதிகளைப் பத்திரப்படுத்தியவர்கள் அவர்கள். இன்னமும் விடுவிக்கப்படாத காணிக்காகத் தெருவில் நிற்பவர்களும் உண்டு. மீண்டு வந்தவர்கள் சிலரோடு அவர்களின் வளவுகளுக்கு நானும் போயிருக்கிறேன். வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைக் கல்லும் தெரியவில்லை. பற்றையை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்த அவர்கள் முதலில் தேடியது கிணற்றை. அடுத்த நாளே அதை இறைக்கத் தொடங்கினார்கள்.