ஒரு பல்லின் எடை

1996ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், வரப்புத் தகராறு ஒன்றில், பெரியப்பா என் தந்தையைக் கைவீசி அறைந்தார். முன்பல் ஒன்று வேரோடு பெயர்ந்து மண்ணில் விழுந்தது. அரசு மருத்துவமனையில், காயச் சான்றிதழ் எழுதுமுன் மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பல்லு முன்னாடியே ஆடிக்கிட்டு இருந்துச்சா?"

அக்கேள்வியின் கனம் எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்துச் சட்டம் பயின்றபோதுதான். உடல் வலியோ, நோயோ, நலிவோ உண்டாக்கினால் அது காயம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் அதற்கு ஓராண்டு வரை சிறை என்றது. கொடுங்காயத்துக்கோ ஏழாண்டு வரை. எவையெல்லாம் கொடுங்காயம் என்பதை 320ஆம் பிரிவு எட்டு வகைகளாக எண்ணிச் சொன்னது. கண்பார்வை இழப்பு, செவிப்புலன் இழப்பு, முகம் நிரந்தரமாகச் சிதைதல் என்று நீளும் அப்பட்டியலில் எலும்போ பல்லோ முறிதலும் பெயர்தலும் உண்டு. இருபது நாட்கள் கடும் வலியில் கிடப்பதும், அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமற் போவதும் உண்டு. பல் பெயர்ந்தால் மட்டும் போதாது. அத்தகைய காயத்தை உண்டாக்க அடித்தவர் எண்ணியிருக்கவோ, அது நேரக்கூடும் என்று அறிந்திருக்கவோ வேண்டும். இன்னொரு வேறுபாடும் இருந்தது. கொடுங்காய வழக்கைக் காவலர் தாமாகவே புலனாய்வு செய்யலாம்; சாதாரண காயமெனில் நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும்.

2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இருபது நாட்கள் பதினைந்தாகக் குறைந்திருக்கின்றன. பல் அப்படியே இருக்கிறது.

எலும்பையும் நாட்களையும் கொண்டு வலியை அளப்பது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அவமானத்தை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. அப்படியொன்றை உண்டாக்கினால் அது வலியவன் கைக்கே போய்ச் சேரும். எண்ணக்கூடியதை மட்டும் எண்ணுவது சட்டத்தின் அடக்கம் என்றே இன்று கருதுகிறேன்.

மருத்துவரின் கேள்விக்கு அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாங்க, ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார். அன்று காலை அதே பல்லால் அவர் வேப்பங்குச்சியைக் கடித்து மென்றதை நான் பார்த்திருந்தேன். சான்றிதழில் 'சாதாரண காயம்' என்று பதிவாயிற்று. வழக்கு ஏதும் நடக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் மறுபடி பேசிக்கொள்ளப் பதினோரு ஆண்டுகள் ஆயின.