அந்தக் குரல் விழுந்த இடம்

போன கார்த்திகை தீபத்துக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கூட்டம் வடிந்த மூன்றாம் நாள் இரவு, இருவரும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். எதிரே மலையுச்சியில் தீபம் சிறு பொட்டாக எரிந்துகொண்டிருந்தது. "மாமா, இதை ஒரே ஒரு தடவை கேளுங்க" என்று தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினான்.

டிரம்ஸ் ஓட்டமாய் ஓடியது. கிடார் மட்டும் அழகாக, ஏறக்குறைய ஒரு தாலாட்டுப் போல மேலே மிதந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். டூஷே அமோரே என்ற லாஸ் ஏஞ்சலஸ் குழுவாம். 2016-இல் வந்த 'ஸ்டேஜ் ஃபோர்' என்ற ஆல்பம். பாடுகிற ஜெரமி போமின் அம்மா 2014-இல் புற்றுநோயில் இறந்தார். அந்த நேரத்தில் மகன் எங்கோ ஒரு மேடையில் பாடிக்கொண்டிருந்தான். அந்தக் குற்றவுணர்வுதான் ஆல்பம் முழுக்க. கடைசிப் பாட்டின் முடிவில், அம்மா போனில் விட்டுப்போன குரலை அப்படியே வைத்திருக்கிறார்கள். மெலோடிக் ஹார்ட்கோர் என்று இந்த வகைக்குப் பெயர் சொன்னான். கச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லா வரிகளையும் கூடவே கத்துவார்களாம், அழுவார்களாம்.

"இப்படிக் கத்தறானேப்பா" என்றேன்.

"கத்தறான்தான் மாமா. ஆனா தாளம் தப்பாம கத்தறான். உங்க முத்தைத்தரு மாதிரி."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இந்தத் திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன். அருணகிரிநாதரின் முத்தைத்தரு என்ற திருப்புகழை டி. எம். சௌந்தரராஜன் குரலில் முதலில் எப்போது கேட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவ்வளவு முன்னாலிருந்து அது காதில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில், தேரடி வீதி கேசட் கடையில், அப்பாவின் டேப் ரிக்கார்டரில். பள்ளியில் போட்டி என்றால் மூச்சு விடாமல் அதைச் சொல்கிற பையனுக்குத்தான் பரிசு. முருகனிடம் பெரிய ஈடுபாடு இல்லாத என் அப்பா, அந்தப் பாட்டு ஒலித்தால் சவரம் செய்துகொண்டிருந்தாலும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். கண் கலங்கியிருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் இப்போது இல்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

முதலில் இசைத்தட்டு. ஊரில் பழைய தட்டுகள் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரிடம் கேட்டேன். அந்தப் பாட்டு இடம்பெற்ற 'அருணகிரிநாதர்' படம் வந்தது 1964-இல். இயக்கம் டி. ஆர். ராமண்ணா. அருணகிரியாக நடித்ததும் பாடியதும் டி. எம். எஸ்.தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு பட்டினத்தாராகவும் நடித்திருந்தார். இசைக்கு ஜி. ராமநாதன், டி. ஆர். பாப்பா என்று இரண்டு பேர் பெயரும் உண்டு. ராமநாதன் 1963 நவம்பரில் காலமாகிவிட்டார். படம் வெளிவந்தபோது அவர் இல்லை. மெட்டு சண்முகப்பிரியாவில் அமைந்தது.

"பொருள் தெரியாம இதைப் பாடமாட்டேன்னு வாரியார் சாமிகிட்ட போயி உக்காந்தாராம் டி. எம். எஸ்." என்றார் பெரியவர். டி. எம். எஸ். ரசிகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை இது. நடந்திருந்தால் போக வேண்டிய சரியான இடம் அதுதான். காட்பாடி பக்கத்துக் காங்கேயநல்லூரில் 1906-இல் பிறந்த கிருபானந்த வாரியார் திருப்புகழை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர். 'திருப்புகழமிர்தம்' என்று மாத இதழே நடத்தியவர். பெரியவர் முள்ளைத் தட்டில் வைத்தார். அந்த முதல் எழுத்திலேயே சௌந்தரராஜன் முழு மூச்சையும் இறக்கிவிடுகிறார். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது என்பதே இல்லை. உச்சியில் நின்றபடிதான் தொடங்குகிறார்.

ஆனால் இந்த மெட்டு அருணகிரியுடையது அல்ல. அவர் எந்தப் பண்ணில் பாடினார் என்பது காலத்தில் போய்விட்டது. டெல்லித் திருப்புகழ் அன்பர்கள் வேறு ராகங்களில் பாடுகிறார்கள், ஓதுவார்கள் வேறு வகையில். அப்படியானால் மிஞ்சியது எது? இதை ஓர் ஓதுவார் ஐயாவிடம் கேட்டேன். கோயிலில் பஞ்சபுராணம் முடித்துத் திருப்புகழும் பாடிவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்திருந்தார். "ராகம் போனா போகட்டும் தம்பி. சந்தம் போவல இல்ல?" என்று தொடையில் தட்டிக் காட்டினார். தத்தத்தன தத்தத் தனதன. ஒற்றுகளை விட்டுவிட்டு எண்ணினால் பத்து எழுத்து. இப்படி மூன்று முறை வந்தபின் தனதான என்று நான்கெழுத்துத் தொங்கல். அங்கேதான் மூச்சுக்கு இடம். இதே அச்சு எட்டு முறை. ராகத்தை எழுதிவைக்காவிட்டாலும் தாளத்தை எழுத்துகளுக்குள்ளேயே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து ஒரு சினிமாப் பாடகர் வாய் திறந்தால் அதே அடி விழுகிறது. வல்லின ஒற்றுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் டிரம்ஸுக்குக் குறைந்தது இல்லை.

"இன்னொண்ணு பாருங்க" என்றார். பாட்டு பெரும்பாலும் போர்க்களம். ராமன், கண்ணன், பார்த்தனுக்கு ஓட்டிய தேர், பகலை இரவாக்கிய சக்கரம். பிறகு பறை, கழுகு, கோட்டான், பேய்க்கூத்து, வெட்டுப்படும் அசுரர்கள். பாடுகிறவன் தன்னைப் பற்றி எங்கே சொல்கிறான்? எட்டுப் பகுதிகளில் நான்காவது முடியும் இடத்தில், சரியாகப் பாட்டின் பாதியில். என்னை நீ பரிவோடு காப்பாற்றும் நாள் ஒன்று வருமா என்று அங்கே ஒரு கேள்வி. அவ்வளவுதான். உடனே பேய்க்கூத்து தொடங்கிவிடுகிறது. நாற்பது வருடமாக மனப்பாடமாய்த் தெரிந்த பாட்டில் அந்தக் கேள்வியை நான் கவனித்ததே இல்லை. அப்பா கவனித்திருப்பாரோ?

சந்தம் சரி. எழுத்து நம் கைக்கு எப்படி வந்தது? இந்தப் பகுதியில்தான் என் தேடல் மாதக்கணக்கில் நின்றுபோனது, நின்றதில் எனக்கு வருத்தமும் இல்லை. 1871-இல் ஒரு வழக்கில், தங்கள் பெருமைக்குச் சான்றாகத் தில்லை தீட்சிதர்கள் நீதிமன்றத்தில் ஒரு திருப்புகழை எடுத்துக் காட்டினார்கள். தில்லை மூவாயிரவரைப் புகழும் பாட்டு அது. அதைக் கேட்டுச் சொக்கிப்போனவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. பின்னாளில் மாவட்ட முன்சீபாக இருந்தவர். இப்படி இன்னும் எத்தனை இருக்கும் என்று ஊர் ஊராகப் போய் ஏடுகளைத் தேடத் தொடங்கினார். 1894-இல் முதல் பாகம் அச்சானது, 1901-இல் இரண்டாம் பாகம். அருணகிரி பாடியது பதினாறாயிரம் என்று வழக்கு. நமக்குக் கிடைத்திருப்பது ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை, அப்பா விட்ட இடத்திலிருந்து உரை எழுதினார், அருணகிரியின் வரலாற்றை அவர் பாடல்களுக்குள்ளிருந்தே துழாவி எடுத்தார். வழக்கில் யார் வென்றார்கள் என்பதில் எனக்கு ஆர்வமே வரவில்லை. ஒரு மனிதர் தற்செயலாக ஒரு பாட்டைக் கேட்கிறார், பாதி ஆயுளை அதற்குக் கொடுத்துவிடுகிறார். ரசிகன் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய ஆளை நான் அறியேன்.

இன்னொருவர் உண்டு, அவர் திரும்பியது எங்கள் ஊரில். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்த அர்த்தநாரி, துறவியாகி இங்கே மலையில் ரமணரிடம் வந்தார். ஒருநாள் ரமணர் கீழே போகச் சொன்னார் என்றும், கீழே எதிர்ப்பட்ட சேஷாத்திரி சுவாமிகள், திருப்புகழே உனக்கு மந்திரம், வள்ளிமலைக்குப் போ என்று அனுப்பினார் என்றும் அவர் வரலாறு சொல்கிறது. அந்தச் சமையற்காரர்தான் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் திருத்தணியில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் படிவிழா அவர் தொடங்கியது. அச்சில் இருந்த பாட்டை மறுபடி வாய்களில் ஏற்றியவர் அவர். சினிமாவுக்கு வெகுமுன்பே பஜனைக் கூட்டங்கள் இதைத் தொண்டை வற்றப் பாடிக்கொண்டிருந்தன.

மிஞ்சியது கோபுரம்.

அருணகிரியின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். இளமையைப் பரத்தையரிடம் தொலைத்தவன், உடம்பில் நோய் வாங்கியவன். அக்காள் நகை நட்டெல்லாம் விற்றுக் கொடுத்துத் தீர்ந்துபோன பின்னும் பணம் கேட்டு நிற்கிறான். இனி என் உடம்புதான் இருக்கிறது என்று அவள் சொன்ன சொல்லில் இடிந்து, கோபுரம் ஏறிக் குதிக்கிறான். முருகன் தாங்கிக்கொண்டு, பாடு என்கிறான். எதைப் பாட என்று விழித்தவனுக்கு முத்து என்று முதல் சொல்லையும் எடுத்துக் கொடுக்கிறான். அருணகிரியின் தாய் பெயர் முத்து என்பாரும் உண்டு.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. திருப்புகழ் பலவற்றில் தன் வீழ்ச்சிக்குப் பெண்களின் உடம்பைப் பழிக்கிறார் அருணகிரி. அந்த வரிகளை என்னால் ஒப்புக்கொண்டு பாட முடிந்ததில்லை. இந்தக் கதையிலேயே, தன்னிடம் இருந்ததெல்லாம் கொடுத்தவள் ஒரு பெண். அவள் பேசிய ஒரு வாக்கியம்தான் அவரைக் கோபுரம் ஏற வைத்தது. அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள்? கதை சொல்கிறவர்கள் அவளை வாசலிலேயே விட்டுவிட்டு முருகனோடு போய்விடுகிறார்கள். எனக்கு அவளை விட்டு வர மனமில்லை.

எந்தக் கோபுரம்? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கிழக்கு ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து, இவ்வளவு உயரத்திலிருந்தா என்பார்கள். 217 அடி. ஆனால் அதைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர், பதினாறாம் நூற்றாண்டு. அருணகிரியோ, முருகன் ஆடிவரும் காட்சியைப் பாடும் திருப்புகழ் ஒன்றில் பிரபுடதேவராயரின் உள்ளமும் ஆட வேண்டும் என்கிறார். அது விஜயநகரத்து இரண்டாம் தேவராயர், பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதி. ராஜகோபுரம் அப்போது கிடையாது. அடுத்து உள்ளே இருக்கும் வல்லாள கோபுரம்தான் கதைக்குப் பொருந்துகிறது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளன் பதினான்காம் நூற்றாண்டில் எழுப்பியது. பிள்ளை இல்லாத அந்த மன்னனுக்கு இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் அண்ணாமலையாரே மகனாக நின்று திதி கொடுக்கிறார்.

கந்தரலங்காரக் காப்புப் பாட்டில் அருணைக் கோபுரம் வருகிறது, வாசல் வருகிறது, வாசலுக்கு வடக்கே பிள்ளையாருக்கு இளையவனான முருகனைக் கண்டுகொண்டதும் வருகிறது. நான் படித்தவரை, விழுந்தது கதையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் அது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பாட்டைக் கேட்ட தலைமுறைகள், இப்படி ஒரு குரல் வர வேண்டுமென்றால் மேலிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று காதால் அறிந்து சொன்ன கதை அது.

பொங்கலுக்கு மறுபடி வந்த மருமகனைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். ராஜகோபுரம் தாண்டி, இடப்பக்கம் கம்பத்து இளையனாரைக் கும்பிட்டு, வல்லாள கோபுரத்தடியில் கோபுரத்து இளையனார் சன்னிதிக்கு வந்தோம். விழுந்தவனை முருகன் தாங்கிய இடம் என்பது இதைத்தான். படியில் பத்து வயதுப் பெண் ஒருத்தி பாட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஏதோ போட்டிக்குத் தயாராகிறாள் போலும், முத்தைத்தருவைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டில்லாமல், வெறும் ஓட்டமாக. பாதி வந்ததும் மூச்சு முட்டி நின்றுவிட்டாள்.

"தப்பில்ல கண்ணு. அங்க நிக்கலாம்" என்றாள் பாட்டி. "அங்கதான் அவரு சாமிகிட்ட கேக்கறாரு."

அந்தப் பெண் எச்சிலை விழுங்கிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற மருமகனின் விரல்கள் அவன் தொடையில் அதே அடியைத் தட்டிக்கொண்டிருந்தன. அவன் காதில் ஹெட்போன் இல்லை.