கைவிடாத கியர்

உங்கள் வீட்டுப் பரணிலோ, கிணற்றடியிலோ ஒரு பழைய சைக்கிள் துருவேறிக் கிடக்கிறதா? பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்கு முன்னால் இந்த வாரம் எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள்.

பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். எடைக்குப் போடுகிறவர்கள் ஒரு ரகம். துடைத்து, எண்ணெய் போட்டு, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, மற்றபடி யாரையும் தொடவிடாதவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவதாகச் சின்னதாக ஒரு கூட்டம் உண்டு. ஃபிரேமை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு கியர், பிரேக், சக்கரம் எல்லாவற்றையும் இந்தக் காலத்துச் சாமானாக மாட்டி ஓட்டுகிறவர்கள். வெளிநாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. போடிநாயக்கனூரில் செய்தால், 'தாத்தாவுக்கு ஜீன்ஸ் மாட்டின மாதிரி இருக்குப்பா' என்பார்கள். என்னிடம் சொன்னார்கள்.

தாத்தா இல்லை, மாமா. என் தாய்மாமா போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கப்பிள்ளை. எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் மதுரையில் செகண்ட் ஹேண்டாக ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினார். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், இங்கிலாந்தில் செய்த இரும்பு ஃபிரேம். முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 6... ஆக 12 கியர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி, மெட்டில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவார். போடிமெட்டுதான். எங்கள் ஊரில் வெறும் 'மெட்டு' என்றால் போதும்.

1989 ஆடி மாசம். சாரல். இறங்கும்போது ஒரு வளைவுக்கு முன்னால் கியர் மாற்ற வலது கையை எடுத்துக் கீழே கொண்டுபோனார். அதே நேரம் எதிரே ஒரு ஜீப் ஹாரன். கை திரும்ப ஹேண்டிலுக்கு வருவதற்குள் சைக்கிள் வழுக்கிச் சுவரில் மோதியது. காறை எலும்பு முறிந்தது. ஜீப்காரர் மேல் தப்பில்லை, மாமா மேலும் தப்பில்லை. கை ஒரு நொடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அன்றைக்குப் பரணில் ஏறிய சைக்கிள், மாமா காலமான பிறகும் இறங்கவில்லை.

போன வருஷம் நான் அத்தையிடம் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "ஓட்டணும்ன்டா எடுத்துட்டுப் போப்பா. ஆனா அந்தக் கட்டையைத் தொடக் குனியக் கூடாது. ஹேண்டில்ல இருந்து கையை எடுக்காம ஓட்டுறதுன்டா ஓட்டு. இல்லேன்டா அங்கிட்டே கிடக்கட்டும்."

அத்தைக்கு சைக்கிள் மெக்கானிசம் தெரியாது. ஆனால் சைக்கிள் உலகம் நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிரச்னையை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பழைய ரேஸ் சைக்கிளில் கியர் லீவர் எங்கே இருக்கும் தெரியுமா? ஹேண்டிலிலிருந்து பெடலுக்குச் சரிவாக இறங்குகிற பார் இருக்கிறதே, அதில். முழங்கால் பக்கம். கியர் மாற்ற ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். எடுத்த கை பிரேக்கிலும் இருக்காது. லீவரில் 'டிக்' என்ற நிறுத்தமும் கிடையாது. கொஞ்சம் இழுத்து, செயின் உரசுகிற சத்தத்தைக் காதால் கேட்டு, சரிபண்ண வேண்டும். கிட்டத்தட்ட வீணை வாசிப்பதுபோல. இறக்கத்தில் வீணை வாசித்தால் என்ன ஆகும் என்று மாமாவுக்குத் தெரிந்தது.

கியரே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்ச், 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் கியர் தேவை என்று கேலி பேசியவர். அந்தப் பந்தயத்தில், செயினைப் பல் மாற்றித் தள்ளும் டெரெய்லரை 1937-ல்தான் அனுமதித்தார்கள். எனக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. என் முழங்காலுக்கு ஆகிவிட்டது.

பிறகு 1984-ல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி, 'டிக் டிக்' என்று எண்ணி மாறும் லீவரைக் கொண்டுவந்தது. அடுத்து 1990-ல் பிரேக் லீவருக்குள்ளேயே கியரையும் வைத்துவிட்டது. பிரேக் லீவரை உள்பக்கமாகத் தள்ளினால் பின்னால் பெரிய பல்சக்கரம், ஏற்றத்துக்கு. அதன் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன லீவரைத் தட்டினால் சின்ன பல்சக்கரம், வேகத்துக்கு. 1992-ல் இத்தாலியின் கம்பக்னோலோவும் தன் பாணியில் ஒன்று செய்தது. கை ஹேண்டிலை விட்டு நகரவே வேண்டாம்.

வருஷத்தைக் கவனித்தீர்களா? மாமா விழுந்தது 1989.

சரி, சாமானை வாங்கி மாட்ட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். சைக்கிளில் எதுவுமே தனியாக வராது. புது லீவர் மாட்டினால், அதன் ஒவ்வொரு 'டிக்'குக்கும் கேபிள் ஓர் அளவு நகரும். அந்த அளவுக்குப் பொருந்துகிற டெரெய்லர் வேண்டும். லீவரில் 8 கியர் என்றால் பின்னாலும் 8 பல்சக்கரம் வேண்டும். 8 சக்கரத்துக்கு அகலமான ஹப் வேண்டும். அகலமான ஹப் பழைய ஃபிரேமுக்குள் நுழையாது! ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போய் வீடு முழுக்க வெள்ளையடித்த கதை.

போடியில் எனக்குத் தெரிந்த சைக்கிள் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். வாடகை சைக்கிள் காலத்திலிருந்து கோட்டம் எடுத்து, ஓவராயில் பண்ணி, கை காய்த்துப்போனவர். ஃபிரேமைப் பார்த்ததும் முதலில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். ஒட்டியது. "இரும்புதான் தம்பி. அப்ப பயமில்ல" என்றார்.

ஏன் பயமில்லை? பின்சக்கரம் உட்காரும் இடத்தில் ஃபிரேமின் இரண்டு கால்களுக்கும் நடுவே 126 மில்லிமீட்டர் இடைவெளி. 6, 7 கியர் காலத்து அளவு. புது ரோடு ஹப்புக்கு 130 வேண்டும். பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் விரிக்க வேண்டும். நல்ல இரும்பு, சூடு காட்டாமலே அந்த அளவுக்கு வளைந்து அப்படியே நிற்கும். அலுமினியம், கார்பன் ஃபிரேமில் இந்த வேலையை நினைத்தே பார்க்காதீர்கள். விரிசல் விடும்.

எங்கள் ஊருக்கு இந்த விரிக்கிற வேலை புதிதல்ல. மதுரை - போடி ரயில் மீட்டர் கேஜில் ஓடிக்கொண்டிருந்தது. 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூனில் அகலப் பாதையில் மறுபடி போடிக்கு ரயில் வந்தது. 1,000 மில்லிமீட்டரை 1,676 ஆக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். அண்ணன் 4 மில்லிமீட்டரை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார்.

விரிப்பதைவிட முக்கியம், இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்று பார்ப்பது. அதற்கு அவர் எடுத்தது கொத்தனார் நூல். பின்கால் ஒன்றில் கட்டி, முன்னால் ஹேண்டில் தண்டு நுழைகிற குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மற்ற காலில் கட்டினார். நடுவில் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் கூட இருந்தது. கட்டையை வைத்து ஒரு நெம்பு. மறுபடி நூல். மூன்றாவது முறை சமம். வெளிநாட்டுப் பட்டறைகளிலும் இதே நூல் வைத்தியம் உண்டு என்று சொன்னேன். "அவிங்களுக்கும் கண்ணு ரெண்டுதான தம்பி" என்றார்.

பெடல் அச்சுக்கு வருவோம். அது உட்காரும் மரைக்கு உலகம் முழுக்க என்ன பெயர் தெரியுமா? பி.எஸ்.ஏ.! பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், 1861-ல் இங்கிலாந்தில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்து நம் வீடுகளுக்கு வந்த அதே பெயர். 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இன்றைக்கும் எத்தனையோ புது சைக்கிள்கள் இந்த அளவில்தான் வருகின்றன. அதனால் நேற்று செய்த அச்சு, நாற்பது வயது ஃபிரேமில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். செயின் பக்கத்துக் கப்புக்கு மரை தலைகீழ். வழக்கம்போல் கழற்ற நினைத்துத் திருகினால் இன்னும் இறுகும்.

சக்கரம் 27 அங்குலம். புதிதாகப் போட்டது 700சி. பெயரைப் பார்த்தால் வேறு கிரகம்போல் இருக்கும். உண்மையில் ரிம் பாதி விட்டத்தில் 4 மில்லிமீட்டர்தான் சின்னது. பிரேக் கட்டை அந்த 4 மில்லிமீட்டர் கீழே எட்டினால் போதும். கால் நீண்ட பிரேக் மாட்டினோம். புது பிரேக்குக்கு ஃபிரேமில் துளையைப் பெரிதாக்க வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பாணியில் நட் போட்டு முறுக்கும் மாடலைத் தேடிப் பிடித்தோம்.

ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? இந்த விளையாட்டில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். திரும்பக் கழற்ற முடிகிறதை மட்டும் மாட்டு. துளை போடாதே, வெட்டாதே, பற்றவைக்காதே. விரித்த இரும்பைக்கூட மறுபடி மடக்கலாம். போட்ட ஓட்டையை மூட முடியாது.

மதுரையில் பழைய சைக்கிள் பித்தரான என் நண்பர் போனில் சண்டைக்கே வந்துவிட்டார். "ஃபிரேமைத் தவிர எல்லாத்தையும் மாத்திட்டு, இது மாமா சைக்கிள்னு சொல்வியா?" நியாயமான கேள்விதான். நான் அவரைக் கேட்டேன்: திருச்சி பெல் நிறுவனம் எத்தனையோ கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. மரச்சக்கரம் போய்விட்டதே என்று யாராவது வடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போகிறார்களா? தேர் தேர்தான். ஓடினால்தான் தேர். எங்கள் ஊர் ஏலக்காய் ஏலமும் அப்படித்தான். வாயால் கேட்டு எடுத்த காலம் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள். காய் அதே காய். மலை அதே மலை.

நண்பர் சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டியதும் இல்லை. அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் கழற்றிய சாமானை நாம் தூக்கி எறியாமல் இருக்கிறோம்.

பி.காம். படித்தவன் ஆகையால் கணக்கும் போட்டேன். தேய்மானக் கணக்குப்படி ஃபிரேமின் மதிப்பு பூஜ்யம். மேலே மாட்டிய சாமான் இருபதாயிரத்தைத் தொட்டது. பூஜ்யத்தின் மேல் இருபதாயிரம் போடுகிறவனை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதே பணத்துக்குப் புது சைக்கிளே வாங்கலாம். நீங்கள் சிக்கனத்துக்காக இதைச் செய்வதாக இருந்தால், செய்யாதீர்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. மாமாவின் சைக்கிளில் மிக லேசான கியர், முன்னால் 42 பல், பின்னால் 28. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 3.2 மீட்டர் போகும். இப்போது முன்னால் 34, பின்னால் 32. ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். மெதுவாகத்தான் போகும். ஆனால் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறுகிற சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு இதுதான் வித்தியாசம். மாமா இருபது பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஏறிய வயதில் நான் இல்லை.

தை மாசத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாகத் தாண்டிப் போயின. ஒரு ஜீப்பிலிருந்து பெண்கள், "மிதிங்க அண்ணே, மிதிங்க!" என்று சத்தம் போட்டார்கள். புலியூத்தில் நின்று தண்ணீர் குடித்தேன். மெட்டில் டீ குடித்தேன். இறங்கும்போது மாமா விழுந்த வளைவு வந்தது. எதிரே ஒரு லாரி. பிரேக்கைப் பிடித்தபடியே ஒரு விரலால் தள்ளினேன். டிக், டிக். லாரி போனது. நானும் போனேன். சொல்வதற்கு வேறெதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமல் இருப்பதற்குத்தானே இவ்வளவு பாடு!

கழற்றிய சாமான்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். மாமாவின் கணக்கு நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு வாசலுக்கு வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். "எங்கிட்டு இருக்கு அது?" என்று கேட்டார். காட்டினேன். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றினேன். அத்தை ஹேண்டிலைப் பிடித்து, லீவரை மெதுவாகத் தள்ளினார்.

டிக்.

செயின் ஒரு பல் ஏறியது. கையை எடுக்காமலே இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.