எல்விஸ் ஊரில் இன்னொரு நட்சத்திரம்

மெம்ஃபிஸ் என்றால் எல்விஸ் பிரெஸ்லி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் இந்நகருக்கு வரும் சுற்றுப்பயணிகள் முதலில் தேடுவது அவர் வாழ்ந்த கிரேஸ்லேண்ட் மாளிகையைத்தான். நானும் அங்கே போனேன். அவர் 1954ல் பாடிப் பதிவுசெய்த சன் ஸ்டுடியோவையும், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட லொரேன் மோட்டலையும் பார்த்தேன். ஆனால், என்னை அந்த ஊருக்கு இழுத்தது நான்கு குறுந்தட்டுகள் கொண்ட ஒரு பெட்டி.

பிக் ஸ்டார் என்ற இசைக்குழுவின் பாடல்களைத் தொகுத்து 2009ல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட சிறப்புப் பதிப்பு அது. மொத்தம் 98 பதிவுகள். வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்த என் அண்ணன், “அந்தக் காலத்தில் விற்காத பாட்டுக்கு இப்போது எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவர் சொன்னதுபோல, இது விற்காத குழுதான். 1971ல் கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் என்ற நான்கு இளையர்கள் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த முதல் தொகுப்பைப் பத்திரிகைகள் பாராட்டின. ஆனால், இசைத்தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் விநியோகம் குளறுபடியானது. பாட்டைக் கேட்டுப் பிடித்துப்போய்க் கடைக்குப் போனவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. மூன்றாவது தொகுப்பைப் பதிவுசெய்த வேகத்தில் குழுவே கலைந்தது.

இந்தக் கதையின் முக்கிய இடங்கள் மேடிசன் அவென்யூ என்ற ஒரே சாலையில் இருக்கின்றன. பாடல்கள் உருவான ஆர்டெண்ட் ஸ்டுடியோ அங்கேதான். அது அருங்காட்சியகம் அல்ல, வேலை நடக்கும் இடம் என்பதால் வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தேன். ஆர்டெண்டைத் தொடங்கிய ஜான் ஃப்ரை, ஒலிப்பதிவு நுட்பத்தை இந்த இளையர்களுக்குச் சொல்லித் தந்து, வாடிக்கையாளர் இல்லாத இரவு நேரங்களில் ஸ்டுடியோவை அவர்களிடமே விட்டுவிடுவாராம். பதிவுக்கு நடுவே பசித்தால் நொறுக்குத்தீனி வாங்கப் போகும் பேரங்காடியின் பெயர் பிக் ஸ்டார். குழுவின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அதே சாலையில் சிறிது தூரம் நடந்தால் ஓவர்டன் ஸ்குவேர். அங்கே லஃபாயெட்ஸ் மியூசிக் ரூம் என்ற உணவகம் இருக்கிறது. பழைய இடம் 1970களிலேயே மூடப்பட்டு, 2014ல் அதே பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. என் பெட்டியின் நான்காவது தட்டு, 1973 ஜனவரியில் பிக் ஸ்டார் லஃபாயெட்ஸில் நடத்திய இசைநிகழ்ச்சியின் பதிவு. வேறொரு குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னால் இவர்கள் வாசித்தார்கள். வந்தவர்கள் காத்திருந்தது அந்த இன்னொரு குழுவுக்காக. பாட்டு முடிந்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைதட்டல். மற்றபடி பேச்சுச் சத்தம்.

நான் போன மாலையிலும் மேடையில் ஒருவர் கித்தாருடன் பாடிக்கொண்டிருந்தார். மேசைகளில் பேச்சு நிற்கவில்லை. இறாலும் சோளக் கஞ்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நானும் பாதிதான் கேட்டேன்.

அண்ணனுக்கான பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. சிறப்புப் பதிப்புகளில் வியாபாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரே பாட்டின் மூன்று வடிவங்களைப் போட்டு விலையை ஏற்றும் பெட்டிகளும் உண்டு. ஆனால், வெற்றி பெற்றவர்களின் கதையை எப்படியும் யாராவது சொல்வார்கள். யாரும் கவனிக்காத ஓர் இரவில் நன்றாக வாசித்தவர்களுக்கு அந்த ஒலிநாடாவைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அந்த இரவை இன்று நாம் கேட்க முடிகிறது.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. கிறிஸ் பெல் முதல் தொகுப்பின் தோல்வியில் மனமுடைந்து குழுவை விட்டு விலகினார். தந்தையின் உணவகத் தொழிலில் வேலை பார்த்தார். 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27. அவர் தனியாகப் பதிவுசெய்த பாடல்கள் முழுத் தொகுப்பாக வந்தது 1992ல்தான். அலெக்ஸ் சில்டன் அந்தப் பெட்டி வெளிவந்த மறு ஆண்டு மார்ச்சிலும், ஆண்டி ஹம்மல் அதே ஆண்டு ஜூலையிலும் காலமானார்கள். பாராட்டு வந்து சேர்ந்தபோது அதை வாங்கிக்கொள்ள அதிகம் பேர் மிஞ்சவில்லை.

அந்தச் சாலையிலேயே ஷாங்ரி-லா என்ற இசைத்தட்டுக் கடையும் இருக்கிறது. பெரிய பெயர்களுக்குப் பக்கத்திலேயே உள்ளூர்க் குழுக்களின் தட்டுகளும் அங்கே கிடைக்கும். என்னைப் போலவே நீங்களும் பெட்டியில் இடமில்லாமல்தான் திரும்புவீர்கள்.

மெம்ஃபிஸ் போகிறவர்கள் கிரேஸ்லேண்டுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மேடிசன் அவென்யூவுக்கு ஒரு மாலை போதும், எல்லாம் நடக்கிற தூரம்தான். போகும் முன் பிக் ஸ்டாரின் முதல் தொகுப்பைக் கேளுங்கள். லஃபாயெட்ஸில் இரவு உணவுக்கு உட்கார்ந்தால், மேடையில் பாடுகிறவர் யாராக இருந்தாலும், ஒரு பாட்டையாவது பேசாமல் கேட்டு, முடிந்ததும் கை தட்டிவிட்டு வாருங்கள்.