எத்தனை பாடம் தாங்குவாள் என் மகள்?

பத்தாவது ரிஸல்ட் வந்த வீட்டில் அடுத்த பத்து நாளைக்கு அடுப்பில் பால் பொங்கினாலும் கவனிக்க ஆள் இருக்காது. "எந்த குரூப்?" என்கிற ஒரே பேச்சுதான். மளிகைக் கடைக்காரர் கேட்பார், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற பையன்கூடக் கேட்பான். மார்க் குறைந்த பிள்ளையின் தாயாருக்கு ஒரு கவலை என்றால், மார்க்கை அள்ளிக்கொண்டு வந்த பிள்ளையின் தாயாருக்கு வேறு கவலை. எதையும் விட மனசு வராது. கணக்கும் வேண்டும், உயிரியலும் வேண்டும், நீட் பயிற்சியும் வேண்டும், கூடவே ஜே.இ.இ. பயிற்சியும் இருந்தால் நல்லது.

என் மகள் 2025 மே மாதம் 476 மார்க் வாங்கினாள். நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். யோசனை சொல்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. என் நாத்தனார் போனிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மதினி, பிள்ளைக்கு மூளை இருக்குல்லா? பயோ-மேக்ஸே போட்டுருங்க. டாக்டர் இல்லன்னா என்ஜினீயர். ரெண்டு வாசலும் தெறந்திருக்கும்."

இவருக்கும் அதே எண்ணம்தான். அதோடு, வாரத்தில் ஆறு நாளும் சாயங்காலம் பயிற்சி வகுப்பு, நீட், ஜே.இ.இ. இரண்டும் சேர்த்து. பணத்துக்கு என் ஆறு பவுன் சங்கிலியை வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். சங்கிலி போனால் போகிறது, திருப்பிக்கொள்ளலாம். என் கவலை அதில்லை.

நான் பத்தாவதோடு நின்றவள். இயற்பியல் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி என்று இருபது வருஷமாக அளந்து போடுகிறவளுக்கு ஒரு நாளை அளக்கத் தெரியாதா? தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். தூக்கம் எட்டு மணி நேரம். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் சேர்ந்து எட்டரை. குளியல், சாப்பாடு, தலை பின்னல், கொஞ்சம் சும்மா இருப்பது எல்லாம் இரண்டரை. ஆக பத்தொன்பது போய் மிச்சம் ஐந்து. வீட்டுப்பாடம், ரிக்கார்டு நோட்டு, மறுநாள் டெஸ்ட் இவற்றுக்கு மூன்று. கையில் நிற்பது இரண்டே இரண்டு மணி நேரம். பயிற்சி வகுப்போ போய்வர ஒரு மணி, உட்கார மூன்று மணி. அந்த இரண்டு மணி நேரத்தை எங்கேயிருந்து கொண்டு வருவது? தூக்கத்திலிருந்துதான் கொண்டு வர வேண்டும்.

பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. பெண்பிள்ளைகளுக்கு மாதாமாதம் வருகிற சோர்வு வேறு இருக்கிறது. காலையில் அரை இட்லியோடு ஓடி, மத்தியானம் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு வருகிற பிள்ளைக்கு எந்த நினைவாற்றல் லேகியமும் உதவாது.

எங்கள் தெருவில் ஒரு பையன். பாவம், சாப்பிட உட்கார்ந்தால் சாம்பார் சோற்றில் கையை வைத்தபடியே தூங்குவான். பரீட்சை வந்தால் வயிற்று வலி. ஸ்கேன் எல்லாம் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வயதான டாக்டர், "தம்பி, எத்தனை மணிக்குப் படுக்கிறே?" என்று மட்டும் கேட்டாராம். இரண்டு பயிற்சியில் ஒன்றை நிறுத்திய பிறகு வலி குறைந்தது. அதற்காக எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். என் அக்காள் மகள் இவ்வளவையும் தூக்கிச் சுமந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள். ஆனால் படுத்த அடுத்த நிமிஷம் குறட்டை விடுகிற பிறவி அவள். என் மகளுக்கு ஒரு மார்க் குறைந்தாலே ராத்திரி சோறு இறங்காது.

சரி, அந்த இரண்டு வாசல் விஷயத்துக்கு வருகிறேன். எந்த குரூப் எடுத்தாலும் தமிழ், ஆங்கிலம் போக நாலு பாடம் உண்டு. மொத்தம் 600 மார்க். பயோ-மேக்ஸில் அந்த நாலும் கனமானவை. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு. உயிரியல் என்று ஒரு பேர்தானே தவிர, உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகம், இரண்டு செய்முறை. நீட்டில் 720 மார்க்கில் உயிரியலுக்கே 360. கணக்குக்கு ஒரு மார்க் கிடையாது. நம் ஊர் என்ஜினீயரிங் கட்-ஆஃப் 200. அதில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. உயிரியலுக்கு இடமே இல்லை. ஜே.இ.இ.யிலும் அப்படியே. ஆக, இரண்டு வாசல் திறந்திருந்தாலும் பிள்ளை நுழையப் போவது ஒன்றில்தான். மற்ற வாசலுக்காகச் சுமந்தது வெளியிலேயே நின்றுவிடும். இதை இவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வருஷத்திலேர்ந்து பிளஸ் ஒன்னுக்குப் பப்ளிக் பரீட்சையே கிடையாதே, அந்த நேரத்தில் பயிற்சிக்குப் போகட்டுமே" என்றார். வாஸ்தவம்தான். 2018 முதல் இருந்த பொதுத் தேர்வை 2025-26லிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் நீட்டானாலும் ஜே.இ.இ.யானாலும் பாதிக்கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்துதானே வருகிறது? அஸ்திவாரம் போடுகிற வருஷத்தில் அவசரம் எதற்கு என்றேன்.

இவ்வளவும் நாங்கள் இருவர் பேசியது. படிக்கப் போகிறவளை யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பழைய பிளஸ் ஒன் புத்தகங்களை வாங்கி வந்து கூடத்து அலமாரியில் வைத்தேன். படி என்று சொல்லவில்லை. பத்து நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் புத்தகத்தை அவளாகவே எடுத்து, மின்சாரம் போன மத்தியானத்தில்கூட விசிறிக்கொண்டு போட்டுப் பார்த்தாள். விலங்கியலில் படம் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து இரண்டு பாடம் முடித்துவிட்டாள். வேதியியல் பரவாயில்லை. இயற்பியல் புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"எதை விடணும்னு நினைக்கிறே?" என்று கேட்டேன்.

"எம்மா, பாடத்தை விட வேண்டாம். அந்த சாயங்கால வகுப்பை விட்டுரலாம்" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்கு மாட்டு டாக்டர் ஆகணும்" என்றாள்.

இவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. விசாரித்தேன். நம் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு கால்நடை மருத்துவப் படிப்பில் நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். கல்லூரியும் நம் திருநெல்வேலி ராமையன்பட்டியிலேயே இருக்கிறது. இந்த வாசலைப் பற்றி யோசனை சொன்னவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் முடிவானது இதுதான். குரூப் பயோ-மேக்ஸ், ஏனென்றால் அவளுக்குக் கணக்கில் உள்ளபடியே ஆசை. பிளஸ் ஒன் முழுக்கப் பயிற்சி வகுப்பு கிடையாது. இயற்பியலுக்கு மட்டும் அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் வாரம் இரண்டு நாள் டியூஷன். பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். குரூப் மாற்ற எந்தத் தேதி வரைக்கும் விடுவார்கள் என்பதைச் சேரும் நாளிலேயே பள்ளி அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். சகோதரிகள் யாரும் இதைக் கேட்க மறக்க வேண்டாம். பல பேருக்குத் தேதி போன பிறகுதான் ஞாபகம் வருகிறது.

நாத்தனாருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "இவ்வளவு மார்க் வாங்கின பிள்ளைய மாட்டுக்கு ஊசி போட அனுப்புதீயளே" என்கிறாள். பிள்ளை நீட் எழுதவே மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. பிளஸ் டூ முடிகிற சமயம் அவளுக்கு வேண்டுமென்று தோன்றினால் எழுதட்டும்.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கு 88, உயிரியல் 81, வேதியியல் 74, இயற்பியல் 59. இவர் அந்த 59ஐப் பார்த்துவிட்டு, பயிற்சி மையத்து நோட்டீஸை மறுபடியும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். வாத்தியாரைக் கேட்டதில், வெக்டாரில் தடுமாறுகிறாள், இன்னொரு நாள் அனுப்புங்கள் என்றார். சனிக்கிழமை காலையைச் சேர்த்திருக்கிறோம். சாப்பாட்டு டப்பா மட்டும் தினமும் காலியாகத்தான் திரும்பி வருகிறது.