ரோஜா இலையை வெட்டியது யார்?

எங்கள் வீட்டு ரோஜாச் செடியில் இலை ஓரமெல்லாம் அரைவட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. கத்தரிக்கோல் வைத்த மாதிரி அவ்வளவு நேர்த்தி! தம்பிதான் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். (பாவம், அவன் இல்லை.)

மறுநாள் ஒரு தேனீ பச்சைத் துண்டை வயிற்றோடு அணைத்தபடி வந்து, கிணற்றடியில் கிடந்த பழைய ஓஸ் பைப்புக்குள் நுழைந்தது. அறிவியல் சாரிடம் கேட்டேன். "அது இலைவெட்டித் தேனீ. ராணி கிடையாது, கூட்டம் கிடையாது. ஒத்தையிலே எல்லா வேலையும் அதுவே பார்க்கும்" என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் ஆச்சரியம். ஆணிடம் பெற்ற விந்தணுவைத் தாய்த் தேனீ உடம்புக்குள் ஒரு பையில் சேமித்து வைத்திருக்குமாம். முட்டையிடும்போது அதைச் சேர்த்தால் மகள், சேர்க்காமல் விட்டால் மகன்! இலையால் ஓர் அறை செய்து, மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, மேலே ஒரு முட்டை இட்டு மூடிவிடும். திரும்பி வந்து ஊட்டாது. அதனால் பிறக்கப்போவது யார் என்று முதலிலேயே கணக்குப் போட்டாக வேண்டும். மகள் உடம்பு பெரிது, அதனால் பெரிய உருண்டை, உள்பக்க அறை. மகனுக்குச் சின்ன உருண்டை, வாசல் பக்க அறை. மகன்கள்தான் முதலில் வெளியே வருவார்கள், உள்ளே இருந்தால் அக்காமாரை இடித்துக்கொண்டல்லவா வர வேண்டும்?

பிரான்சில் ஃபாபர் (1823-1915) என்பவர் இதே மாதிரி தனியாக வாழும் ஆஸ்மியா தேனீக்களுக்குத் தன் வீட்டிலேயே கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்த்தார். குழாய் குட்டையாக, குறுகலாக இருந்தால் தாய் மகன்களாகவே பெற்றதாம்! ஒரு மகளுக்கு ஆகும் சாப்பாட்டில் இரண்டு மகன்களை வளர்க்கலாம் என்றால், மகன்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பார்கள். இரு பக்கச் செலவும் சமமாக வரும். இங்கிலாந்துக்காரர் ஃபிஷர் 1930-இல் சொன்ன கணக்கு இது.

எனக்கு வேறொரு கணக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் தம்பிக்கு முழு முட்டை, எனக்குப் பாதி. "ஆம்பளப் புள்ள, வளரணும்ல" என்பார் அம்மா. அன்று ராத்திரி தேனீ கதையைச் சொல்லி, "பாத்தியாம்மா, அது பொண்ணுக்குத்தான் நெறய வைக்குது" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு கூடு கட்டி, எல சொமந்து, புள்ளைக்கு சோறு தேடுறது அந்தப் பொண்ணுதானே? ஆம்பளத் தேனீ என்ன வேல பாக்குது? அதான் தெம்புக்கு வைக்குது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அம்மா தட்டில் ரசம் சோறு மட்டும்தான் இருந்தது. அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த பைப் துண்டை இப்போது ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் கொசுவலை கட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் வாசல் பக்கமிருந்து மூன்று சின்னத் தேனீக்கள் வந்தன. வயிற்றின் அடியில் மகரந்தம் ஒட்டும் முடி இல்லை, அதனால் மகன்கள்தான். திறந்து பறக்க விட்டோம். உள்பக்கத்து அறைகள் இன்னும் மூடியே இருக்கின்றன. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை பார்க்கிறேன். இப்போது அம்மாவும் வந்து எட்டிப் பார்க்கிறார்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு