வியாழக்கிழமைக் கூட்டம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் கடிதம் விடுத்தபொழுது, கல்லூரியிலே நான் பெற்றவற்றுள் எதனை எழுதுவதென்று சிலநாள் சிந்தித்தேன். அங்கே தமிழ் கற்றேன். அதனை எழுத என்னினும் வல்லார் பலர் உளர். துடுப்பாட்டத்தைப்பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. பந்து பொறுக்கியதன்றி வேறொன்றும் செய்தவனல்லேன். எஞ்சியது மாணவர் சேவைக் கழகம் ஒன்றே. அக்கழகத்தின் செயலாளனாக நான் செய்த பிழையொன்று, நெடுங்காலம் கழித்துப் பெரகல மலையிலே எனக்குப் பயன்பட்ட வரலாற்றை இங்கு எழுதுகின்றேன்.

அது போர்க்காலம். எங்கள் இன்ரறக்ட் கழகம் வாரந்தோறும் கூடுதல் வேண்டுமென்பது பொறுப்பாசிரியரின் கட்டளை. ஒரு வாரம் ஊரடங்கு முன்னதாகவே அறிவிக்கப்பட்டமையால் கூட்டம் நடைபெறவில்லை. அறிக்கைப் புத்தகத்தில் இடைவெளி விழுதல் அழகன்று எனக் கருதிய நான், பதினேழு உறுப்பினர் வந்தனரென்றும், கிணற்றடியைத் துப்புரவு செய்வது பற்றி ஆராயப்பட்டதென்றும் வீட்டிலிருந்தே எழுதி முடித்தேன். நடை நன்றாகவே அமைந்திருந்தது. ஆசிரியர் அதனைப் படித்துவிட்டு, "தம்பி, பதினேழாவது ஆள் யார்?" என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவர் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அப்பக்கத்தின் அடியில், "இக்கூட்டம் நடைபெறவில்லை" என்று என் கையாலேயே எழுதுவித்துக் கையொப்பமும் இடுவித்தார். இரண்டு பிரம்படி பட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

வாரக் கூட்டத்திற்கு இத்துணைச் சிறப்பு ஏன் என்பதை அக்காலத்தில் நான் அறிந்திலேன். 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடிய சிறு கூட்டமே றோட்டறிக் கழகத்தின் தொடக்கம். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியமையால் அப்பெயர் வந்தது. அவர்கள் ஊருக்குச் செய்த முதற் பணி, 1907இல் பொதுமலசலகூடம் அமைக்க முயன்றமை என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அவர்கள்மேல் மதிப்பு மிகுந்தது. நம் நாட்டில் கொழும்புக் கழகம் 1929இல் எழுந்தது. பள்ளி மாணவர்க்கான இன்ரறக்ட் 1962இல் பிறந்தது. தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வாராதவர் உறுப்புரிமை இழப்பர் என்னும் கடுமையான விதி றோட்டறியில் நெடுங்காலம் இருந்தது. 2016இல் விதிகள் தளர்த்தப்பட்டு, திங்களுக்கு இரு கூட்டம் போதும் என்றாயிற்று. காலத்திற்கேற்ற மாற்றமே ஆகலாம். எனினும் என் மனம் பழைய விதியின் பக்கமே சாய்கின்றது.

பயிற்றப்பட்ட ஆசிரியனாக வெளியேறிய நான் ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளிலேயே பணிபுரிந்து வருகின்றேன். பெரகல, மூன்று வழிகள் கூடும் சந்தி. ஒரு வழி பலாங்கொடையிலிருந்து ஏறிவருகின்றது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை நோக்கிச் செல்கின்றது. மற்றையது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவிற்கு இறங்குகின்றது. அக்கொஸ்லாந்தைப் பக்கத்திலேதான் மீரியபெத்தை உள்ளது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், தீபாவளி கழிந்த மறு கிழமை, புதன் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தனர். அவர்களுட் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடுமில்லை, பெற்றோருமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த இடம் அது.

நாடெங்கும் இருந்து பாரவண்டிகள் வந்தன. அரிசியும் உடுபுடைவையும் குவிந்தன. தை பிறந்தபின் வண்டிகள் அருகின. வந்தோரை நான் குறைகூறவில்லை. அவர்கள் கொடுத்ததை உண்டவர்களை நான் அறிவேன். ஆயினும் அடுத்த மழைக்கு எப்பொழுது எழுந்து ஓடவேண்டும் என்பதைப் பாரவண்டியில் ஏற்றிக் கொணர இயலாதன்றோ?

நான் இப்பொழுது கற்பிக்கும் பாடசாலைக்கு, நகரத்துச் சேவைக் கழகத்தார் சிலர் புத்தகப் பைகள் கொண்டுவந்தனர். இன்னும் என்ன வேண்டும் என அவர்கள் வினவியபோது, கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர், "பை போதுங்க. மழை எம்புட்டுப் பேஞ்சா ஆபத்துன்னு அளக்கிற சாமான் ஒன்னு இருக்காமே, அதைக் குடுங்க" என்றார். அவ்வாறே மழைமானி ஒன்று வந்தது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருத்தல், 100 ஆனால் ஆயத்தமாதல், 150 ஆனால் வெளியேறல் என்பது கணக்கு.

மானி வந்த பின்னரே எங்கள் தோட்டத்துக் கழகம் தோன்றிற்று. கொழுந்து நிறுத்து முடிந்து, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆறாம் வகுப்பறையில் கூடுவோம். கணக்கப்பிள்ளை, பிள்ளைமடுவத்து அம்மா, கொழுந்தெடுக்கும் பெண்கள், சந்தியிற் கடை வைத்திருக்கும் சிங்கள அன்பர், உயர்வகுப்பு மாணவர் ஆகியோர் வருவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்க்கு விண்ணப்பம் எழுதுவோம். இவ்வேலைக்கு முடிவே இல்லை. லயத்திற்கு மேலுள்ள கான்களில் மண் வாருவோம். முற்காலத்தில் கான் வெட்டு தோட்டத்து வேலைகளுள் ஒன்றாக முறையே நடந்தது. கான் தூர்ந்தால் மழைநீர் வழிந்தோடாது மலைக்குள்ளே இறங்கும். மண் நீரேறிப் பாரமாகித் தன் பிடியை இழக்கும். இதனை விளக்கப் படமெல்லாம் வேண்டியதில்லை. மீரியபெத்தை என்ற ஒரு சொல்லே போதும்.

கூட்டத்தின் முதல் அலுவல் மழைக் கொப்பியை உரக்கப் படித்தல். ஒரு விடுமுறைக் காலத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "வெள்ளி பூச்சியம், சனி பூச்சியம், ஞாயிறு பூச்சியம்" என்று படித்தான். ஞாயிறன்று கோயிலிலிருந்து வரும் வழியில் நான் தொப்பலாக நனைந்தவன். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை மானியைப் பார்த்தது யார்?" என்றேன். அவன் தலை குனிந்தான். பண்டாரவளையில் மாமன் வீட்டிற்குச் சென்றிருந்தானாம். வெற்றிடம் விட அஞ்சிப் பூச்சியம் இட்டானாம். என் ஆசிரியரின் குரலே என் வாயினின்று வந்ததுபோல் இருந்தது. பதினேழாவது ஆளின் கதையை அன்று எல்லார் முன்னும் சொன்னேன். பிள்ளைமடுவத்து அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கின்றது. பூச்சியம் என்றால் மழையில்லை, பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை, இரண்டும் ஒன்றல்ல. பையன் மூன்று பூச்சியங்களையும் கீறிவிட்டு, "அளக்கப்படவில்லை" என எழுதிக் கையொப்பமிட்டான். தோட்டத்தார்க்கு இதை விளக்குதல் எளிது. அவர்கள் நாட்கூலியைப் 'பேர்' என்றே சொல்வர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். வராதவனுக்குப் பேர் போடுவதும் வந்தவனுக்குப் போடாமல் விடுவதும் என்ன குற்றம் என்பதை அவர்களுக்கு யார் கற்பிக்க வேண்டும்?

2025 நவம்பர் 27, டித்வாப் புயல் நாட்டைச் சூழ்ந்த நாள், ஒரு வியாழக்கிழமை. பாடசாலை விடுமுறை. மின்சாரமில்லை, தொலைபேசியும் இயங்கவில்லை. எவரும் வரமாட்டார் என்று எண்ணியே சென்றேன். ஐந்து மணிக்குப் பதின்மூவர் இருந்தனர். அதே பையன், இப்பொழுது உயர்தர வகுப்பு மாணவன், நனைந்த கொப்பியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து, காலை முதல் நூறு கடந்துவிட்டது என்றான். இரவு எட்டு மணிக்கு நூற்றைம்பது. "சரியாகப் பார்த்தாயா?" என்று நான் கேட்கவில்லை. வந்திருந்த பதின்மூவரும் லயம் லயமாகச் சென்று கதவைத் தட்டினர். ஒரு முதியவர், "என் பாட்டன் காலத்து லயம், எத்தனை மழை பார்த்தது!" என்று கூறிக் கட்டிலைவிட்டு எழ மறுத்தார். பையன்கள் இருவர் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்தனர்.

நான்கு இரவுகள் வகுப்பறைகளிலே தங்கினோம். பதுளை மாவட்டத்தில் எத்தனையோ இடங்களில் மலை சரிந்து உயிர்கள் மாண்டன, சாலைகள் அறுந்தன. எங்கள் லயத்திற்கு மேலுள்ள மலையில் ஒரு கல்லும் உருளவில்லை.

டிசம்பர் 4ஆம் நாட் கூட்டத்திற்கு முப்பத்தொருவர் வந்தனர். அத்துணைபேர் முன்னொருநாளும் வந்ததில்லை. அத்துணைபேரும் முறையிடவே வந்தனர். ஒருவருக்கு இரண்டு கோழி போயிற்று. ஒருத்தியின் குழந்தைக்குக் குளிர்க் காய்ச்சல். வீணாக ஓடினோமே என்றனர் சிலர். கட்டிலோடு வந்த முதியவர் எல்லாரினும் உரக்க வாதாடினார். இரண்டு மணி நேரம் கழிந்தது. மறுபடியும் நூற்றைம்பது ஆனால் மறுபடியும் வெளியேறுவது என்றும், கோழிகளுக்கு முன்னரே கூடை ஆயத்தம் செய்வதென்றும் தீர்மானமாயிற்று. பையன் ஒவ்வொருவராய்ப் பார்த்து வரவு எழுதிக்கொண்டு வந்தான். முதியவர் அவன் தோளை எட்டிப் பார்த்து, "என் பேரையும் போடு, தம்பி. வாசலோட நின்னேன்னு அரைப் பேர் போட்டுறாதே" என்றார்.